சனிக்கிழமை மாலை சோதனை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அந்த நான்தான் மதுரையில் சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தேன். கால் ஒடிந்தது என்று யாரோ மூலையில் தள்ளிவிட்டிருந்த மிதி இயந்திரத்தை வண்டியில் ஏற்றி ஒத்தக்கடைக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு கொல்லரைப் பிடித்துப் புதுக் கால் அடித்துப் பூட்டினேன். முதலில் கீற்றுக் கொட்டகை, பிறகு ஓடு, அதன் பிறகு மாடி. யுத்த காலத்தில் படித்தவர்கள் நடத்திய பெரிய அச்சுக்கூடங்கள் பூட்டுத் தொங்கவிட்டபோது என் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பல்பொடி லேபிள், எல்லாம் அடித்தேன். இந்த ஊரில் என் எழுத்தில் மாலை மாற்றாதவர்கள் குறைவு.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, எழுத்துக் கோப்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கை பழகினால் வந்துவிடும். கை பழகினாலும் வராத ஒன்று இருக்கிறது. நாலு பக்கமும் நெருக்கும்போது எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்கிற புத்தி. அது என்னிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

யுத்தம் முற்றியிருந்த சமயம். அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. நம் தொழிலுக்கு உயிரான பேப்பர் அறவே இல்லை. சர்க்கார் அளந்து கொடுக்கிற பேப்பர் கல்யாணப் பத்திரிகைக்கே காணாது. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் நானும் பூட்டுப் போட வேண்டியதுதான் என்கிற நிலைமை. அந்த நேரம் பார்த்து ஒரு காலேஜ் வாத்தியார் புத்தகம் போட வந்தார்.

ஆங்கிலம் சொல்லித்தருகிறவர். மெலிந்த உடம்பு, தங்க பிரேம் கண்ணாடி, கக்கத்தில் தோல் பை, வெயிலோ மழையோ கையில் குடை. பழைய அமெரிக்கக் கதைகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். எல்லாம் சாமி நம்பிக்கை, மனசு தடுமாறுவது, செய்தது சரியா தப்பா என்று கடைசி வரைக்கும் குழம்புவது, இந்த வகை.

“பேய்க் கதையா சார்?” என்றேன்.

“பேய் மாதிரி ஒருத்தன் வருவாண்ணே. ஆனா பேய்தானான்னு தெரியாது.”

“கதை முடியறப்பவாச்சும் தெரியுமா?”

“தெரியாது. சோதனை வெளிய இருந்து வருதா, நம்ம நெஞ்சுக்குள்ள இருந்து வருதான்னு எழுதினவன் சொல்லவே மாட்டான். அதுதான் அவங்க கெட்டிக்காரத்தனம்.”

“அப்ப வாங்குறவன் காசக் குடுத்துச் சந்தேகத்த வாங்கிட்டுப் போகணும்.”

வாத்தியார் சிரித்தார். “அம்புட்டுத்தான்ணே. நீங்க நல்லாச் சொல்லிட்டீங்க.” எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். இருந்த பேப்பரில் ஒரே ஒரு கதைக்குத்தான் வழி. மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிவிட்டேன்.

எங்கள் எழுத்துக் கோப்பாளர் மாயாண்டி அந்த வாரம் அழகர் கோயிலுக்கு முடி இறக்கப் போயிருந்தான். அதனால் அந்தக் கதையை நானே கோத்தேன். நான் புத்தகம் படிக்கிறவன் இல்லை, கோக்கிறவன். ஒவ்வோர் எழுத்தாக எடுத்துத் தலைகீழாக வைக்கும்போது கதை கண் வழியாக ஏறாது, விரல் வழியாக ஏறும். ஏறினால் இறங்காது.

கதை இதுதான். பனி கொட்டுகிற ஊர். கோயில் பெரியவர் ஒருவர், ஊரே நம்புகிற மனிதர். கோயில் மணி விரிசல் விட்டுப்போகிறது. முன்பின் தெரியாத ஒருத்தன் வருகிறான். “புது மணி நான் தருகிறேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். வெண்கலம் எங்கேயிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்” என்கிறான். பெரியவர் சரி என்கிறார். மணி வருகிறது. அதன் சத்தத்தை ஊரே புகழ்கிறது. பெரியவர் காதில் மட்டும் அது விழவில்லை. வந்தவன் திருடனா, சாத்தானா, பெரியவருடைய ஆசைதானா? அதைச் சொல்லாமலே கதை முடிந்துவிடுகிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். சனிக்கிழமை மாலை கீழமாசி வீதிப் பஜனை மடத்தில் இந்தக் கதையை வாசிப்போம். நாலு பெரிய மனிதர்கள் கேட்டால் எங்கேயாவது பேப்பர் கிடைக்கும். அதற்குச் சுவரொட்டி வேண்டும். அவர் எழுதிக் கொடுத்த வாசகம் ஒரு முழ நீளம் இருந்தது. என்னிடம் இருந்ததோ ஓரம் வெட்டிப்போட்ட துண்டுத் தாள்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்கிற ரகம், ஒன்று சொல்லுவார்: “இடம் பத்தலன்னா சின்ன எழுத்த வெட்டுடா. பெரிய எழுத்துல கைய வைக்காத.” அதன்படியே செய்தேன். நாடகக் கம்பெனிக்காக வாங்கிய மர எழுத்துகள் இருந்தன. ‘விசுவாசம்’ என்று போடலாம் என்றால் ‘சு’வைக் கரையான் தின்றிருந்தது. ‘சந்தேகம்’ என்று போட்டால் சந்தேகப்பட்டு ஒருவனும் வரமாட்டான். ‘சோதனை’ முழுசாகக் கிடைத்தது, தும்பிக்கை போலச் சுழித்த அந்தக் காலத்து ‘னை’யோடு. அடியில் பொடி எழுத்தில் இருந்த பஜனை மடம், அமெரிக்கா, கதை வாசிப்பு எல்லாம் தாளுக்கு வெளியே போயிற்று. வெட்டிவிட்டேன். மிஞ்சியது இது:

சோதனை!
சனிக்கிழமை மாலை
கீழமாசி வீதி
ஒருவரும் தப்ப முடியாது!

கடைசி வரி வாத்தியார் எழுதியதுதான். ஆசைக்கு ஆட்படாத மனிதன் இல்லை என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தார். வேகமாகப் படித்தால் எடுப்பாக இருந்தது என்று விட்டுவிட்டேன். கோயிலிலிருந்து மொட்டையோடு திரும்பிவந்த மாயாண்டி பசை வாளியை எடுத்துக்கொண்டு போய், வியாழக்கிழமை மாலை ஒட்டிவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர் மாறிப்போயிருந்தது. கீழமாசி வீதி முழுக்க மளிகை மொத்தக் கடைகள். ஆறு மாதமாக “அரிசியா? அதெல்லாம் கண்ணால பாத்து நாளாச்சு” என்று கையை விரித்தவர்கள், அன்றைக்கு வாசலில் நின்று கூப்பிட்டார்கள்.

“வாங்கக்கா, அரிசி இருக்கு! பை பத்தலையா? சேலையில முடிஞ்சுக்கங்க!”

ஆனையூரில் வைக்கோல் போருக்குள் கிடந்த மூட்டைகளும் விளாங்குடிக் கிட்டங்கிகளில் கிடந்த மூட்டைகளும் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. கிட்டங்கி என்றால் சரக்கு வைக்கிற கூடம், வெளியூர்த் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். சர்க்கார் விலைக்கே விற்றார்கள். நான் வாசலில் நின்று, யுத்தம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று மாயாண்டியிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாக ஒரு மொத்த வியாபாரி வந்தார். பெயர் வேண்டாம், பேரன் பேத்திகள் கௌரவமாக இருக்கிறார்கள். காதில் சிவப்புக் கல் கடுக்கன் போட்டிருப்பார். கடுக்கன்காரர் என்று வைத்துக்கொள்வோம். முகம் வேர்த்திருந்தது.

“அண்ணே, நமக்குள்ள ஒளிவு மறைவு வேணாம். அந்த நோட்டீச யாரு சொல்லி அடிச்சீக?”

“வாத்தியார் ஒருத்தரு. ஆனா மூலம் அமெரிக்காக்காரன்.”

“அமெரிக்காக்காரனா!” கடுக்கன் ஆடியது. “அரிசிக்கு அவனே எறங்கிட்டானா? எப்பச் சொன்னான்?”

“அவன் செத்து நூறு வருசம் இருக்கும்ணே.”

“வெளையாடாதீகண்ணே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ‘சோதனை’யை இந்த மனிதர்கள் சர்க்கார் சோதனை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பதுக்கல் பிடிக்க ஆள் வருகிறது என்று ஊரே நம்பிவிட்டது. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ‘கதைண்ணே அது’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து, காதோரம் பேசினார்.

“எங்கிட்ட விளாங்குடியில வெள்ளப் பேப்பர் கெடக்கு. கட்டுப் பிரிக்காத சரக்கு. ஒங்களுக்கு ஒரு வருசத்துக்குக் காணும். பொழுது சாயறதுக்குள்ள இங்க வந்து எறங்கும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நாளைக்கு அதிகாரி ஒங்ககிட்ட வந்து விசாரிச்சா, என் கிட்டங்கியப் பத்தி வாயத் திறக்காம இருந்தாப் போதும்.”

தம்பிகளே, அந்த வார்த்தையை மூன்று நாளைக்கு முன்னால் என் கையால் எழுத்தெழுத்தாகக் கோத்திருந்தேன். பனி ஊரில் பெரியவரிடம் வந்தவன், கடுக்கன் போட்டுக்கொண்டு கீழமாசி வீதிக்கு வந்து நிற்கிறான்!

அந்த ஒரு நிமிஷத்தில் நான் யோசித்த யோசனையை எம்.ஏ. படித்தவன் ஒரு மாதம் யோசிக்க மாட்டான். பேப்பர் வந்தால் அச்சுக்கூடம் பிழைக்கும். மாயாண்டி வீட்டில் அடுப்பு எரியும், வாத்தியார் புத்தகம் வரும். உண்மையைச் சொன்னால் பேப்பர் போச்சு. அது மட்டுமா? உண்மை தெரிந்த அடுத்த நாழிகை அரிசி மூட்டை திரும்பவும் வைக்கோல் போருக்குள் போய்விடும். தெருவில் சேலையில் அரிசி முடிந்துகொண்டிருந்த பெண்கள் வெறும் முந்தானையோடு வீட்டுக்குப் போவார்கள். உண்மை பேசினால் ஊர் பட்டினி. பேசாமல் இருந்தால் ஊருக்கு அரிசி, எனக்குப் பேப்பர். இந்த மாதிரிக் கணக்கை அந்த அமெரிக்காக்காரனும் போட்டிருக்க மாட்டான்.

“என்னண்ணே யோசிக்கிறீக? மீனாட்சி மேல சத்தியமாச் சொல்லுங்க. அதிகாரி எப்ப வாராரு?”

“மீனாட்சி மேல சத்தியமா எனக்குத் தெரியாது” என்றேன். சுத்தமான உண்மை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “சத்தியம் பண்ணித் தெரியாதுங்கிறீகன்னா, மேல எவனோ ஒங்ககிட்டச் சத்தியம் வாங்கியிருக்கான். புரியுது. பேப்பர் வண்டிய எந்நேரம் அனுப்ப?”

“பேப்பர் வேண்டாம்ணே.”

“என்னது?”

“வேண்டாம். நான் யாருகிட்டயும் எதப் பத்தியும் பேசப்போறதில்ல. அதுக்குப் பேப்பரும் வேண்டாம்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. யுத்த காலத்தில் ஓர் அச்சுக்கூடக்காரன் பேப்பர் வேண்டாம் என்கிறான் என்றால், வரப்போகிற சோதனை சாதாரணச் சோதனையாக இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். மாலைக்குள் அவருடைய கிட்டங்கி துடைத்து வைத்ததுபோல் ஆகிவிட்டது. அரிசி மட்டும் இல்லை, அந்த வெள்ளைப் பேப்பரையும் கடை வாசலில் வைத்துச் சர்க்கார் விலைக்குக் கூவி விற்றுவிட்டார். தகவல் தெரிந்து நான் பணப்பையோடு ஓடுவதற்குள், எனக்குப் போட்டியாக இருந்த அச்சுக்கூடக்காரன் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். என் எதிரிலேயே வண்டி போயிற்று. “என்ன மாப்ள, நீ வாங்கலையா?” என்று வேறு கேட்டான். வயிறு எரிந்தது என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை.

அதற்குள் விஷயம் வாத்தியார் காதுக்கு எட்டிவிட்டது. குடையைக்கூட விரிக்காமல் வெயிலில் ஓடிவந்தார்.

“அண்ணே, இது பெரிய பொய்யாப் போச்சே! ‘இது கதை வாசிப்பு’ன்னு உடனே ஒட்டணும்.”

“ஒட்டுங்க. பசை வாளி அந்தா இருக்கு. ஒட்டிட்டு அப்படியே தெருவுல நிக்கிற பொம்பளைககிட்டப் போயி, ‘நான் உண்மையச் சொல்லிட்டேன், நீங்க பட்டினி கெடங்க’ன்னும் சொல்லிட்டு வாங்க.”

வாத்தியார் முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். “நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்லைண்ணே.”

“இப்பவும் சொல்லல. சனிக்கிழமை சோதனை உண்டா இல்லையா?”

“உண்டு.”

“கீழமாசி வீதியிலதான?”

“ஆமா.”

“ஒருவரும் தப்ப முடியாதுன்னு எழுதினது யாரு?”

“நான்தான்.”

“பெறகு என்ன சார்?”

“அவங்க தப்பாப் புரிஞ்சிருக்காங்கன்னு தெரிஞ்சும் சும்மா இருக்கோமே?”

பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது என் வழக்கம். உயர்த்தினேன். வாத்தியார் எழுந்து பசை வாளி வரைக்கும் போனார், அதைப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். இப்படி மூன்று தடவை. “என்ன சார் செய்றீக?” என்று மாயாண்டி கேட்டதற்கு, “மொழிபெயர்க்கிறப்ப இம்புட்டுக் கஷ்டமா இல்லப்பா” என்றார்.

சனிக்கிழமை மாலை வந்தது. கீழமாசி வீதிக் கடைக்காரர்கள் எல்லாரும் குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டி, கடைக்குக் கடை வாசலில் நின்றார்கள். கல்யாண வீட்டில் சம்பந்தியை எதிர்பார்ப்பது போல இருந்தது. தெருமுனையில் வாத்தியார் தோன்றினார். தங்க பிரேம் கண்ணாடி, தோல் பை, குடை. ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் மொட்டைத் தலையோடு மாயாண்டி.

“வந்துட்டாரு!” என்று ஒரு குரல் கேட்டது.

வாத்தியார் கழுத்தில் மாலை விழுந்தது. ஒருவர் சோடா உடைத்தார். ஒருவர் விசிறினார். “ஐயா முதல்ல நம்ம கடையப் பாருங்க, ஒண்ணுமே இல்ல” என்று ஒருவர் கையைப் பிடித்தார்.

வாத்தியார் பயந்துபோனார். “நான் நேரா மடத்துக்குப் போறேன்” என்று முணுமுணுத்தார். அவர் பின்னாலேயே மொத்தத் தெருவும் மடத்துக்குள் நுழைந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. இலக்கியக் கூட்டத்துக்கு மதுரையில் அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். “இது ஒரு அமெரிக்கக் கதை. பழங்கதை. அதத்தான் இப்ப வாசிக்கப்போறேன்” என்று தெளிவாகவே சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. பனி கொட்டுகிற ஊர் என்று தொடங்கியதும், “சாடையாப் பேசுறாரு” என்று எனக்குப் பின்னால் ஒருவர் கிசுகிசுத்தார். வெண்கலம் எங்கேயிருந்து வந்தது என்கிற இடத்தில் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் எழுந்து, “ஐயா, என் வெண்கலத்துக்கு ரசீது இருக்கு” என்றார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று வந்தவன் சொல்கிற இடத்தில் கடுக்கன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கடைசியில் மணி அடிக்கிறது, ஊரெல்லாம் கேட்கிறது, பெரியவர் காதில் மட்டும் விழவில்லை. வாத்தியார் தாளை மடித்தார். கடுக்கன்காரர் மெதுவாக எழுந்து கையைக் கட்டிக்கொண்டார்.

“ஐயா, சோதனை எப்ப ஆரம்பிக்கும்?”

வாத்தியார் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தார். முந்தின இரவு முழுக்கத் தூங்காத மனிதர்.

“முடிஞ்சிருச்சுங்க” என்றார்.

“நாங்க தேறிட்டமா?”

“அது எனக்கு எப்படிங்க தெரியும்? அவங்கவங்களுக்குத்தான் தெரியும்.”

கடுக்கன்காரர் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி வரவில்லை என்பது அடுத்த வாரத்தில் எல்லாருக்கும் புரிந்தது. ஆனால் விற்ற அரிசியைத் திரும்ப வாங்க முடியுமா? தின்றாகிவிட்டது. என் மேல் கோபம்தான். ஆனாலும் ‘ஏமாந்தேன்’ என்று வெளியே சொன்னால் ‘பதுக்கினேன்’ என்றும் சொல்ல வேண்டிவரும். எல்லாரும் வாயைத் திறக்காமல் இருந்தார்கள்.

பேப்பருக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை காலையில் முன்வாசல் வழியாகக் கடுக்கன்காரர் கடைக்குப் போனேன். சாமான் கட்டுகிற பழுப்புத் தாள் மிச்சமிருந்தது. சர்க்கார் விலை கொடுத்து, ரசீது போடச் சொல்லி வாங்கினேன். முழுப் புத்தகத்தையும் அதில்தான் அடித்தேன். தாளில் வெல்லமும் மல்லியும் மணந்தன. படித்தவர்கள் எல்லாரும் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஏனோ பசிக்கிறது என்றார்கள். அச்சுக்கூடம் ஓடியது. ஒருவனையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

வாத்தியார் ஒருநாள் கேட்டார்: “அண்ணே, அன்னைக்கு அந்தப் பேப்பர வேணாம்னீங்களே, அது நல்ல மனசா, பயமா?”

“ரெண்டும் இல்ல சார். அதே வார்த்தையக் கோத்த கை இது. அதே கையால வாங்குனா நாளைக்கு என் இயந்திரம் ஓடுற சத்தம் எனக்குக் கேக்காமப் போயிருமோன்னு ஒரு நெனப்பு.”

“அப்ப நீங்க கதைய நம்புனீங்க.”

“கதைய யாரு நம்புனா? காதப் பத்திக் கவலப்பட்டேன்.” இந்தப் பதிலையே இன்றைக்கும் சொல்கிறேன். இதில் உங்களுக்குச் சந்தேகம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் ஒருவன் செய்ததைத்தான் பார்க்க வேண்டும். அவன் நெஞ்சைப் பிளந்து பார்க்க நாம் என்ன டாக்டரா?

இத்தனையும் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அந்தப் புத்தகம் சமீபத்தில் வேறோர் அச்சுக்கூடத்தில், வெள்ளை வெளேரென்ற தாளில், மறுபதிப்பாக வந்திருக்கிறது. வாத்தியார் காலமாகிவிட்டார், வேறு யாரோ முன்னுரை எழுதியிருக்கிறார்கள். நன்றி என்று ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் கடுக்கன்காரர் பெயர் இருக்கிறது: யுத்தத் தட்டுப்பாட்டிலும் தாள் கொடுத்து உதவிய வள்ளலாம். கொடுத்தார், நான் மறுக்கவில்லை. பழுப்புத் தாள், விலைக்குக் கொடுத்தார்.

தம்பிகளே, அடுத்த பதிப்பு உங்களில் யார் கைக்காவது வரும். பேப்பர் கொடுத்தவருக்குப் போட்ட நன்றியை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். அதற்கு நேர் கீழே, அதே பருமன் எழுத்தில், பேப்பர் வாங்காதவன் பெயரையும் போடுங்கள்.